மிருக வைத்தியர் வீட்டு ஸ்கொட்லாந்துப் பரம்பரை

டொக்டர்மாரின் கையெழுத்தை வாசிப்பதுதான் என் பிழைப்பு. யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்துக் கடையில் தொடங்கி, கொழும்பில் தொடர்ந்து, இப்போது மெல்பேர்னுக்கு மேற்கே வெரிபீயில் ஒரு பார்மசியில் வந்து நிற்கிறது. எல்லாச் சீட்டும் கணினியில் அச்சடித்து வரும் இந்தக் காலத்தில் இந்தத் திறமையை ஒருவரும் மதிப்பதில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வயதான டொக்டர் மட்டும் கணினியைத் தொடமாட்டேன் என்று சபதம் எடுத்திருந்தார். அவருடைய சீட்டைப் பார்த்தால் கோழி கிண்டிய மணல் மாதிரி இருக்கும். கடையில் இருக்கும் இளம் பிள்ளைகள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவார்கள்.

ஒரு நாள் அப்படி வந்த சீட்டு ஒரு வெள்ளைக்கார அம்மாவுடையது. எழுபத்தெட்டு வயது, நெட்டையான உடம்பு, சேறு காய்ந்த சப்பாத்து. ஓய்வு பெற்ற மிருக வைத்தியர். ஆயுள் முழுக்கக் குதிரைகளோடு இருந்ததால் மனிதரிடமும் அதே தொனியில்தான் பேசுவார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான், ஆனால் என் காதில் அது இப்படித்தான் விழுந்தது.

"இதை உன்னால் வாசிக்க முடிகிறதா?"

"ஓம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு."

"எழுதினவனுக்கே வாசிக்க முடியவில்லை. போன் பண்ணிக் கேட்டேன்."

அடுத்த கிழமை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து இருமல் மருந்துகளுக்கு நடுவே வைத்தார். பழுப்பேறிய தாள். ஒரு பக்கம் முழுக்க எழுதி, பிறகு தாளைக் குறுக்காகத் திருப்பி, எழுதியதற்கு மேலேயே மறுபடி எழுதியிருந்தது. தாளும் தபால் செலவும் மிச்சம் பிடிக்க அந்தக் காலத்தில் அப்படிச் செய்வார்களாம். கம்பி வலையைப் பார்ப்பது போல இருந்தது. எழுதியவர் அவருடைய கொள்ளுத் தாத்தா, ஸ்கொட்லாந்துப் பிரபு வம்சம். உலகம் சுற்றியவர். குடும்ப வரலாற்றைப் புத்தகமாக்கி அடுத்த ஈஸ்டருக்குக் கூடும் உறவினர் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பது வைத்தியரின் ஆசை. பெட்டி பெட்டியாகக் கடிதம் இருந்தது. வாசிக்கத்தான் ஆளில்லை.

கண்ணாடியை ஏற்றிவிட்டு முதல் நான்கு வரியைப் பிடித்தேன். சத்தமாக வாசிக்க வெட்கமாக இருந்தது, வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது கணவரிடம் சொன்னேன்.

"அந்தப் பெரிய மனுசன் மூண்டு நாளா வெளிக்குப் போகேல்லையாம்."

பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டார். "ஏன், அங்க நல்ல மழையோ?"

அப்படித்தான் தொடங்கியது. சனிக்கிழமைகளில் மத்தியானம் கடை முடிந்ததும் வைத்தியர் வீட்டுக்குப் போவேன். புதுக் குடியிருப்புகள் நாலாபுறமும் நெருக்க, நடுவில் தனியாக நின்ற பழைய மரவீடு. சாப்பாட்டு மேசையில் பெட்டி, எனக்கு ஒரு பூதக்கண்ணாடி, அவருக்கு ஒரு மடிக்கணினி, மேசைக்கு மேலே மூன்று கால் பூனை. நான் வாசிப்பேன், அவர் தட்டெழுதுவார். பூனை பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேல் படுத்துத் தூங்கும்.

இந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு இருந்தது. வைத்தியரின் தாய்மாமன் ஒருவர் தட்டச்சில் அடித்து நீல மட்டை போட்டுக் கட்டிய புத்தகம். அதன்படி கொள்ளுத் தாத்தா மாவீரர். மதராசில் இராணுவ அதிகாரி, ஆபிரிக்காவின் தென்முனையில் அலைந்து திரிந்தவர், இலங்கை மலையில் தன் கையால் காடு வெட்டிக் கோப்பித் தோட்டம் போட்டவர், கடைசியில் சாகசம் அழைக்க அவுஸ்திரேலியாவில் இந்த விக்டோரியாவுக்கு வந்தவர். தன் கையால் வெட்டினார் என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மனுசன் ஒரு வாழை மரத்தைக்கூட வெட்டியிருக்க மாட்டார். அந்தக் காட்டை வெட்டியது யாரென்று இலங்கையில் பிறந்த எந்தத் தமிழருக்கும் தெரியும்.

கடிதங்கள் வேறு கதை சொல்லின. ஸ்கொட்லாந்தில் இருந்தது மழைக்கு ஒழுகும் ஒரு பெரிய வீடும் நிறைய ஆடுகளும். மூத்த மகனுக்கு வீடும் ஆடும் போயின. மற்ற மகன்களுக்கு உலகம் கிடைத்தது. இவர் இரண்டாவது. மதராசில் மேலதிகாரியோடு ஒரு குதிரையைப் பற்றி வாய்ச்சண்டை போட்டு வெளியேறினார். ஆபிரிக்க முனையில் அலைந்து திரியவில்லை, கப்பல் திருத்தும் வரை ஒரு விடுதியில் ஆறு கிழமை படுத்திருந்தார். இலங்கையில் கோப்பிச் செடிக்கு நோய் வந்து எல்லாத் துரைமாரும் ஓடியபோது இவரும் ஓடினார். எந்த ஊரிலிருந்து எழுதினாலும் விஷயம் ஒன்றுதான்: வயிறு. மதராசில் பேதி, கப்பலில் மலச்சிக்கல், கண்டி மலையில் இரண்டும். என்னென்ன குடித்தார் என்று பட்டியல் போட்டிருந்தார். விளக்கெண்ணெய், அபின் கலந்த ஒரு மருந்து, பிறகு அதை இளக்குவதற்கு இன்னொன்று.

"இவர் என் கடைக்கு வந்திருந்தால் நான் தண்ணி குடிக்கச் சொல்லி அனுப்பியிருப்பேன்" என்றேன்.

"நான் ஒரு குழாய் போட்டிருப்பேன்" என்றார் வைத்தியர். "அது கிடக்கட்டும். அந்தக் குதிரைக்கு என்ன நடந்தது?"

கொள்ளுத் தாத்தாவைவிட அவருக்குக் குதிரையில்தான் அக்கறை. அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்துப் போனது என்று நினைக்கிறேன். தன் பரம்பரையின் மாவீரர் ஒவ்வொரு சனிக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவதை அவர் கொட்டாவி விட்டபடி தட்டெழுதினார். பிழை திருத்தவில்லை, எதையும் மறைக்கவில்லை.

துரையும் குடும்பமும் மெல்பேர்னுக்கு எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று தெரியாமல் இருந்தது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் ரயில் ஏறி, பழைய பதிவுகள் வைத்திருக்கும் அரசாங்கக் கட்டடத்துக்குப் போனோம். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து பிடித்துக்கொண்டது. மூன்று மணி போல பட்டியல் அகப்பட்டது. கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். அதற்குக் கீழே, சுதேச வேலைக்காரி ஒருத்தி. அவ்வளவுதான், பெயர் இல்லை. வயதுக்கு நேரே ஒரு கோடு.

"நாயும் கூட வந்ததே" என்றேன். கப்பலில் நாய் கடலில் விழப் பார்த்த கதையைத் துரை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். நாயின் பெயர், நாயின் தகப்பனின் பெயர், எந்தப் பண்ணையில் பிறந்தது என்று எல்லாம் அதில் இருந்தது.

வைத்தியர் திரையில் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "இந்தப் பெண்ணைப் பற்றி நீலப் புத்தகத்தில் ஒரு சொல்லும் இல்லை" என்றார். பிறகு பசிக்கிறது என்றார், போய் சாண்ட்விச் சாப்பிட்டோம்.

அவருடைய பிறந்தநாள் விருந்துக்கு என்னையும் கூப்பிட்டார். கணவருக்கு அன்று பஸ் ஓட்டும் முறை, அதனால் தனியாகப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆட்டிறைச்சி சாப்பிடத் தடையில்லை. இருபது பேர் போல இருந்தார்கள். வைத்தியரின் மகன், மருமகள், ஐந்து மாதக் கர்ப்பிணியான பேத்தி, சிட்னியிலிருந்து வந்த ஒரு மச்சான். நீலப் புத்தகம் எழுதிய மாமாவின் மகன்தான் இந்த மச்சான். ஸ்கொட்லாந்து ஆண்களின் முழங்கால் வரையான கட்டம் போட்ட பாவாடை உடுத்து, காலுறையில் ஒரு சின்னக் கத்தியையும் செருகிக்கொண்டு வந்திருந்தார். கதிரையில் உட்காரும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது.

சாப்பாடு வந்ததும் எல்லோரும் எழுந்து கைகோர்த்துத் தலை குனிந்தார்கள். என் வலக்கை வைத்தியரிடம், இடக்கை சிட்னி மச்சானிடம். செபம் சொல்லப் போகிறார்கள் என்று நானும் கண்ணை மூடினேன். மச்சான் தொண்டையைச் செருமிவிட்டுக் கோயில் மணி போன்ற குரலில் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

"வையத்திரா ஷானியானே. மொலங்கு, மொலங்கு. இன்னொரு வை."

நான் கண்ணைத் திறந்தேன். சுற்றிலும் இருபது தலைகள் பயபக்தியோடு குனிந்திருந்தன. அவர்கள் இரண்டாம் முறையும் சொன்னார்கள்.

வாயைத் திற, சனியனே. முழுங்கு, முழுங்கு. இன்னொரு வாய்.

எனக்கு இருமல் வந்தது. சிரிப்பை இருமலாக மாற்றுவதில் தமிழ்ப் பெண்களுக்குச் சிறு வயதிலிருந்தே பயிற்சி உண்டு, ஆனாலும் இது கைமீறிப் போனது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். வைத்தியர் என் முதுகில் குதிரைக்குத் தட்டுவது போலத் தட்டினார்.

"மனதைத் தொடும், இல்லையா?" என்றார் சிட்னி மச்சான். என் கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் தவறாக விளங்கிக்கொண்டார். "ஸ்கொட்லாந்து மலைநாட்டுக் கேலிக் மொழி. எங்கள் குலத்தின் ஆசீர்வாதம். கல்யாணம், சாவு, கிறிஸ்மஸ், எல்லாவற்றுக்கும் இதுதான்."

"இதற்கு என்ன கருத்து?"

"சொல்லுக்குச் சொல் இப்போது யாருக்கும் தெரியாது. என் தகப்பனார் ஒரு கேலிக் அறிஞரிடம் கொண்டுபோய்க் கேட்டார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ்வளவு பழைய கேலிக்."

ஷானியான் என்றால் ஆசீர்வதிக்கப்பட்டவன் என்று மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரியுமாம். அதனால் சிட்னியில் தன் வீட்டு வாசலில் அதைப் பித்தளைத் தகட்டில் பொறித்து வைத்திருந்தார். போனில் படம் காட்டினார். மல்லிகைக் கொடி படர்ந்த மதில், கறுப்பு இரும்புக் கதவு, நடுவில் மினுமினுவென்று சனியன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துக் குசினி நிலத்தில் குந்திவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணக்கு வாத்தியாராக இருந்த பழைய காலத்துக்குத் திரும்பினார்.

"நீர் வடிவாக் கேட்டனீரே? அவையின்ர பாஷையிலயும் சனியன் எண்டு ஒரு சொல் இருக்கலாம்தானே?"

"முழுங்கும் இருக்குமோ? இன்னொரு வாயும் இருக்குமோ?"

"அப்ப அந்த வேலைக்காரி மதராசில இருந்து வந்த ஆயாவாத்தான் இருக்கும். கப்பல் லிஸ்டில இருந்ததெண்டு சொன்னீரே." கொஞ்சம் யோசித்தார். "விடுமப்பா. சொல்லாதையும். இவ்வளவு காலமா ஏச்சு வாங்கிக்கொண்டு சந்தோசமா இருக்கினம். நீர் ஏன் கெடுக்கப்போறீர்?"

நானும் அப்படித்தான் முடிவெடுத்தேன். அடுத்த சனிக்கிழமை ஒன்றும் தெரியாதவள் போலப் போய், துரையின் வயிற்றைப் பற்றி இன்னும் மூன்று கடிதம் வாசித்துவிட்டு வந்தேன். வைத்தியர் தேத்தண்ணியோடு பிஸ்கட் தந்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த முடிவு பத்து நாள்தான் நின்றது. பேத்தி இரும்புச்சத்து மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தாள். நல்ல பிள்ளை, பள்ளிக்கூடத்தில் படம் கீறக் கற்பிப்பவள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு கவுண்டரில் சாய்ந்து, ஒரு இரகசியம் சொல்லட்டுமா என்றாள்.

"பாட்டிக்கு இன்னும் சொல்லவில்லை. ஈஸ்டருக்கு எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறோம். பெண் பிள்ளை. பெயர் வைத்துவிட்டோம். எங்கள் செபத்திலிருந்து எடுத்தது. ஷானியான்."

என் கையில் இருந்த மாத்திரைப் போத்தல் மேசையில் விழுந்து உருண்டது.

"வடிவான பெயர், இல்லையா?" என்றாள்.

"அபூர்வமான பெயர்" என்றேன். அது உண்மைதான்.

மனக்கண்ணில் எல்லாம் ஓடியது. இந்தப் பிள்ளை வளர்ந்து வெரிபீயில் பள்ளிக்கூடம் போகும். வகுப்பில் பாதித் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கும். ஆசிரியர் பெயர் கூப்பிடும் முதல் நாள். கூட்டிப்போக வந்த தமிழ் அம்மாமார் வாசலில் நின்று கேட்கும் முதல் நாள். அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னபோது அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"பித்தளையில எழுதினது பரவாயில்லை" என்றார். "பிள்ளையின்ர தலையில எழுதக் கூடாது. போய்ச் சொல்லும்."

சனிக்கிழமை போய், பெட்டியைத் திறக்க முன்னரே சொல்லிவிட்டேன். பேத்தியின் இரகசியத்தை மட்டும் மறைத்தேன். உங்கள் செபம் கேலிக் இல்லை, தமிழ். சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையிடம் சொல்வது. சொல்லுக்குச் சொல் கருத்தையும் சொன்னேன். சனியன் என்றால் என்னவென்று விளக்குவது இலகுவாக இருக்கவில்லை. ஒரு கிரகம், அது பிடித்தால் ஏழரை வருடம் விடாது, அதனால் தொல்லை கொடுக்கும் யாரையும் அப்படித் திட்டுவோம், பிள்ளைகளை அன்பாகவும் திட்டுவோம் என்று இழுத்தேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். குதிரைக்காரி, கொள்ளுத் தாத்தாவின் பேதியைக் கேட்டுக் கொட்டாவி விட்டவர். ஆனால் அவர் முகம் இறுகியது.

"என் தகப்பனைப் புதைத்தபோது அதைத்தான் சொன்னோம்" என்றார். "என் கணவருக்கும். குழிக்குப் பக்கத்தில் நின்று நான்தான் சொன்னேன்."

நான் கையில் எடுத்திருந்த பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன். பூனைகூட எழுந்து போய்விட்டது.

"நீ காதால் கேட்டதை வைத்துச் சொல்கிறாய். ஊர்ப்பேச்சைக் கேட்டு நான் குதிரைக்கு ஊசி போடுவதில்லை. அத்தாட்சி இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியென்றால் இன்றைக்குப் போதும்."

பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. விருந்தில் சிரிப்பாக இருந்தது குழி ஓரத்தில் சிரிப்பாக இருக்காது என்பது எனக்கு ஏன் முன்னமே தோன்றவில்லை? இரண்டு கிழமை அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. மாத்திரை எடுக்கவும் வரவில்லை. முழங்கால் வலியோடு வேறு கடைக்கு நடக்கிறாரோ என்று, கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன்.

மூன்றாம் கிழமை கடைக்கே வந்தார். கையில் ஒரு சப்பாத்துப் பெட்டி.

"துரைசானியின் கடிதங்கள். தங்கச்சிக்கு எழுதினவை. துரையை முடித்துவிட்டு வாசிக்கலாம் என்று வைத்திருந்தேன். அத்தாட்சி இருந்தால் இதில்தான் இருக்கும். இல்லாவிட்டால் நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

துரைசானியின் கையெழுத்து புருசனுடையதைவிட மோசம். குறுக்கே எழுதியது போதாதென்று மூலைவாட்டிலும் எழுதியிருந்தார். ஆனால் மனுசி கண் திறந்து உலகத்தைப் பார்த்திருந்தார். மழையில் சேறாகும் மலைப்பாதை, அட்டை கடித்த கால், பக்கத்துத் தோட்டத்துத் துரைசானியின் பொய்ப் பல், எல்லாம் இருந்தன. வைத்தியர் தட்டெழுதுவதை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். இரண்டாம் சனிக்கிழமை, பதினோராவதோ பன்னிரண்டாவதோ கடிதத்தில் அது வந்தது.

மூத்த பெண் கத்தி முள்ளுக்கரண்டியால் ஒன்றும் தின்னமாட்டேன் என்கிறாளாம். குசினிப் படியில் இருந்து ஆயாவின் கையால்தான் சோறு தின்பாளாம். ஒவ்வொரு கவளத்துக்கும் ஆயா ஒரே மந்திரத்தைச் சொல்கிறாளாம், அதைக் கேட்காமல் சின்னவளும் வாய் திறப்பதில்லையாம். துரைசானி அந்த மந்திரத்தைக் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தார். நான் அதை மெதுவாக, எழுத்துக் கூட்டி வாசித்தேன். வாயத் தெற சனியனே. முளுங்கு.

இப்போதைய குடும்பம் சொல்வதைவிட அது நூறு மடங்கு சுத்தமான தமிழ். மூலைவாட்டில் இன்னும் நாலு வரி இருந்தன. பூதக்கண்ணாடியைச் சரித்து வாசித்தேன்.

ஆயாவிடம் அதன் கருத்தைக் கேட்டேன், என்று துரைசானி எழுதியிருந்தார். என் தங்கக் குழந்தையைக் கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்பதுதான் அதன் கருத்தாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி நாங்கள் எல்லோரும் சாப்பிட முன் அதைச் சொல்வதென்று தீர்மானித்திருக்கிறோம்.

நான் நிறுத்தினேன். வைத்தியர் பூதக்கண்ணாடியை வாங்கி அந்த வரிகளைத் தானே பார்த்தார்.

"துரைசானி நேருக்கு நேர் கேட்டிருக்கிறார்" என்றார் மெதுவாக. "இவள் நேருக்கு நேர் நின்று புளுகியிருக்கிறாள்."

"ஓம்."

"யோசிக்கவும் நேரமில்லை. நின்ற நிலையில்."

"கையில் சோற்றோடு" என்றேன்.

முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த வீட்டில் கேட்டதே இல்லை. மேசையில் நெற்றியை முட்டிச் சிரித்தார். நானும் அடக்கி வைத்திருந்த எல்லாவற்றையும் சேர்த்துச் சிரித்தேன். "என் கணவர் கெட்டிக்காரன்" என்று வைத்தியர் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார், "உயிரோடு இருந்திருந்தால் அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்திருப்பார்." அதற்குப் பிறகுதான் கொஞ்சம் அழுதார். நான் தேத்தண்ணி போட்டேன்.

பேத்தியின் விஷயத்தை அன்றே சொன்னேன். "அடக் கடவுளே" என்றார். போனை எடுத்து அந்த நிமிடமே பேத்தியைக் கூப்பிட்டு, முகவுரை எதுவும் இல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பிறகு பேத்தியின் குரல் எனக்கும் கேட்டது.

"அதாவது, என் பிள்ளைக்குத் தொல்லை என்று பெயர் வைக்கப் பார்த்தேனா?"

"தொல்லை அல்ல, கிரகம்" என்றார் வைத்தியர். விளக்கத்தில் அவர் அந்த அளவுக்குத் தேறியிருந்தார்.

ஈஸ்டருக்கு ஐம்பது பேர் வந்தார்கள், புத்தகம்தான் இன்னும் முடியவில்லை. பின்வளவில் கொட்டகை போட்டிருந்தார்கள். இம்முறை கணவரையும் கூட்டிப்போனேன். இந்த விஷயம் எப்படி முடிகிறதென்று பார்க்க அவர் முறையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். சாப்பாட்டுக்கு முன் வைத்தியர் எழுந்து துரைசானியின் கடிதத்தை முழுதாக வாசித்தார். பிறகு என்னை எழுப்பி, கருத்தைச் சொல்லச் சொன்னார். ஐம்பது ஸ்கொட்லாந்துப் பரம்பரையினர் முன்னால் நின்று, நீங்கள் இவ்வளவு காலமும் உங்களையே ஏசிக்கொண்டிருந்தீர்கள் என்று சொல்வது சின்ன விஷயமல்ல.

சிலர் சிரித்தார்கள். வைத்தியரின் மருமகள் கை தட்டினாள். ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாக, "என்ன சொல்கிறாள், சாப்பிடலாமா?" என்று கேட்டார். சிட்னி மச்சான் மட்டும் எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"இது தற்செயலான ஒற்றுமை" என்றார். "வேலைக்காரி எங்களிடமிருந்து கேலிக்கைக் கற்றிருக்கலாம் அல்லவா?"

என் கணவர் அந்த இடத்தில் வாய் திறப்பார் என்று நான் நினைக்கவில்லை. உடைந்த ஆங்கிலத்தில், மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

"சேர், ஒரு உதவி. உங்கட வீட்டு வாசலில நிண்டு ஒரு தமிழ்ப் பெடியன் படம் எடுக்க முந்தி அந்தப் பித்தளைத் தகட்டைக் கழட்டினா நல்லது."

மச்சான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். செபத்துக்கு எல்லோரும் எழுந்தபோது அவரும் எழுந்தார். அதைச் சொல்வதா விடுவதா என்று ஒரு கணம் யாருக்கும் தெரியவில்லை. ஆளை ஆள் பார்த்தார்கள். பேத்திதான் தொடங்கினாள். கருத்துத் தெரிந்து சொல்லும்போது அவர்களால் தலை குனிய முடியவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். உச்சரிப்பு இன்னும் படுமோசம். மச்சானின் உதடு அசைந்ததா என்று பார்த்தேன். அசைந்தது. பழக்கம் லேசில் விடாது.

அதன் பிறகு வைத்தியருக்குத் துரையில் சுத்தமாக ஆர்வம் போய்விட்டது. குதிரையையும் மறந்தார். அவருக்கு ஆயா வேண்டும். துரைசானியின் கடைசிக் கடிதங்களைத் தோண்டினோம். மெல்பேர்னுக்கு வந்த மறுவருடமே, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அவளும் ஊருக்குப் போகக் கேட்கிறாள், மதராசுக்கோ கொழும்புக்கோ கைக்குழந்தையோடு போகும் குடும்பம் ஏதாவது இருந்தால் அவர்களோடு அனுப்பலாம் என்று விசாரிக்கிறோம், என்று ஒரு வரி. அதற்கு அடுத்த கடிதம் திரைச்சீலைத் துணியைப் பற்றியது. அனுப்பினார்களா, அனுப்பவில்லையா, ஒன்றும் இல்லை.

குளிர்காலம் முழுக்கப் பழைய பத்திரிகைகளைத் தேடினோம். வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கலாம் என்பதால் கழுத்து தப்பியது. ஆயா ஒருத்தி இந்தியாவுக்குத் திரும்ப விரும்புகிறாள், கடல் பயணம் ஒத்துக்கொள்ளும், பிள்ளைகளோடு நல்லவள் என்ற மாதிரி விளம்பரங்கள் சில கிடைத்தன. எல்லாவற்றிலும் முகவரி ஒரு துரையுடையது. எங்கள் ஆயா எது என்று சொல்ல வழியில்லை. புத்தகம் அச்சுக்குப் போகும்போது வைத்தியர் அவளுக்கென்று ஒரு தனி அத்தியாயம் எழுதியிருந்தார். ஒன்றரைப் பக்கம். தெரிந்தது அவ்வளவுதான். பெயர் தெரியாது என்பதையும் எழுதினார், நாயின் பெயர் தெரியும் என்பதையும் எழுதினார்.

புத்தகம் வந்த கிழமை ஞாயிற்றுக்கிழமை காலையில், வில்லியம்ஸ்டவுன் பக்கம் போவோமா என்று கேட்டார். அந்தக் காலத்துக் கப்பல்கள் நின்ற துறை. என் கணவர்தான் கார் ஓட்டினார். காற்று ஆளைத் தள்ளியது. பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி, கடலைப் பார்த்துப் போட்டிருந்த மர வாங்கில் மூன்று பேரும் இருந்தோம். வைத்தியர் ஒரு கடற்பறவையைக் கைத்தடியால் விரட்டினார்.

"எந்தக் கப்பல் மதராசுக்குப் போகிறது என்று அவளுக்கு யார் காட்டியிருப்பார்கள்?" என்று கேட்டார். "வாசிக்கத் தெரியாது. பாஷை தெரியாது."

"ஆரையாவது கேட்டிருப்பா" என்றார் கணவர் தமிழில். நான் மொழிபெயர்த்தேன்.

"யாரை?"

கணவர் மிச்சமிருந்த உருளைக்கிழங்கைத் தாளோடு என் பக்கம் தள்ளினார். தூரத்தில் ஒரு கொள்கலன் கப்பல் மிக மெதுவாகத் துறைக்குள் வந்துகொண்டிருந்தது. வைத்தியர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, முழங்காலை நீவிவிட்டுக்கொண்டு, குளிர்கிறது, போவோம் என்றார்.